ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, கால்நடை மருத்துவம் எனக்குச் சரிவருமா?

தம்பி, சனிக்கிழமை பெங்களூரு இந்திராநகர் கிளினிக்கில் டாக்டர் கூடவே நிற்கப் போகிறீர்கள், நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் வேறு இருக்கிறது, மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வரும் மயக்கம்தான் அது, பழகப் பழகப் பலருக்குக் குறைந்துவிடும், இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று அர்த்தமில்லை. வெறும் வயிற்றோடு மட்டும் போகாதீர்கள், இட்லியோ சித்ரான்னமோ சாப்பிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுப் போங்கள். முழங்காலை விறைத்துக்கொண்டு அசையாமல் நிற்காதீர்கள், தொடைத் தசையை இறுக்கி இறுக்கி விடுங்கள். காது அடைத்து வியர்த்தால் வெட்கப்படாமல் தரையிலேயே உட்காருங்கள், ஆபரேஷன் மேஜை மேல் சாய்வதைவிட அது எவ்வளவோ மேல். போனதுமே டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தடுப்பூசி முடியாத நாய்க்குட்டி இருக்கிறதா? நாய்க்குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் கிளினிக்கிலிருந்து செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், சாதாரண சானிடைசருக்கெல்லாம் சாகாது. வீடு திரும்பியதும் துணி மாற்றி, செருப்பை பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவுங்கள். நீங்கள் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவரை நாயைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கையை நீட்ட வேண்டாம்.

அப்புறம், பாதி நாள் தோல் அரிப்பு, காதுச் சீழ், தடுப்பூசி, பில்லைப் பார்த்து முகம் சுளிக்கும் ஆட்கள் என்றுதான் போகும், அதையும் கவனியுங்கள். இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடப் படிப்பு, அதில் மாடு, ஆடு, கோழி எல்லாம் உண்டு. அதனால் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு நாள் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.