அசைவம் விட்டபின் முடி கொட்டுகிறது, உடம்பு ஓய்ந்துபோகிறது: என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 31. ஏழு மாதத்துக்கு முன் அசைவத்தை முழுவதுமாக விட்டுவிட்டேன். முட்டையும் சாப்பிடுவதில்லை, பால், தயிர் உண்டு. எடை 59 கிலோவிலிருந்து 54 ஆகிவிட்டது. மூன்று மாதமாகத் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. இரண்டு மாடி ஏறினாலே கால் ஓய்ந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் 12.2 இருக்கிறது, நார்மல்தான் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா? இல்லை, மறுபடி அசைவத்துக்கே போய்விட வேண்டுமா?

பதில்: அசைவத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. முடிக்கென்று விற்கும் பி வைட்டமினான பயோட்டினும் இப்போது வேண்டாம். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபெரிட்டின், அதாவது உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பு. இந்த இருப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆகவே 12.2 என்பதை வைத்து இரும்பு போதுமென்று சொல்ல முடியாது. மாதவிடாய் உள்ள பெண்களிடம் ஹீமோகுளோபின் சரியாகவும் ஃபெரிட்டின் அடிமட்டத்திலும் இருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் காலக்கணக்கும் பொருந்துகிறது. உடம்புக்கு ஒரு பற்றாக்குறை வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி முன்கூட்டியே ஓய்வு நிலைக்குப் போய்விடும். அவை உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். உதிர்ந்த முடியின் அடி நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் இந்த வகை உதிர்வுதான். வேர் சாகவில்லை, முடி திரும்ப முளைக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இறைச்சியில் உள்ள இரும்பில் கால் பங்கு வரைகூட உடம்பு எடுத்துக்கொள்ளும். அரிசி, பருப்பு, கீரையில் உள்ளதில் நூற்றுக்குப் பத்துகூடத் தேறுவது கடினம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 அட்டவணை இவ்வளவு அதிகமாக வைத்திருப்பதும் இதனால்தான். பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் மூன்றும் இரத்தம் ஊறும் என்று வீட்டில் கொடுப்பார்கள். நிறம்தான் சிவப்பு, இரும்பு சொற்பம். கொண்டைக்கடலை, கொள்ளு, காராமணி, கம்பு, எள் இவற்றில்தான் விஷயம் இருக்கிறது. பயறுகளை இரவு ஊறவைத்து, முடிந்தால் முளைகட்டி வேகவையுங்கள். இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டேட் குறையும். சுண்டலை இறக்கி ஆறவிட்டு அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யா. இவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும்.

காபி, டீதான் பலர் வீட்டில் கோட்டை விடும் இடம். சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சப்படுவது பாதியை ஒட்டிக் குறையும். டீ அதைவிட மோசம். டிபன் முடிந்த கையோடு ஒரு டம்ளர் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் பின்னால்.

ஐந்து கிலோ இறங்கியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மீனும் முட்டையும் போன இடத்தில் பொரியலும் அப்பளமும் வந்தால் புரதமும் குறையும், மொத்தச் சாப்பாடும் குறையும். இதுவே முடி உதிரப் போதும். உங்கள் எடைக்கு நாளுக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும். மூன்று இட்லி, இரண்டு கப் சோறு, தண்ணீர் சாம்பார், இரவு தோசை என்றால் 30 கிராமைத் தாண்டுவதே பெரிது. பருப்பை ஆளுக்கு 30 கிராம் போட்டுக் கெட்டியாக வையுங்கள் (7 கிராம் புரதம்). ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, உலர்ந்த சோயா உருண்டை 25 கிராமில் 13 கிடைக்கும்.

பி12 பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். கல்லீரலில் அதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வரும் என்பதால் ஏழு மாதத்தில் தீர்ந்துபோவது அபூர்வம். ஏற்கெனவே குறைவாக இருந்திருந்தால் வேறு கதை. பாலும் தயிரும் சேர்ப்பது நல்லது, ஆனால் ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 1 மைக்ரோகிராம்தான். தேவை 2க்கு மேல். பாதம் மரத்துப்போதல், நாக்கு எரிச்சல் இருந்தால் காத்திருக்காதீர்கள். பி12 பார்க்காமல் வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இரத்தம் தேறியதுபோல் காட்டும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), வைட்டமின் டி. காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள், பொய்யாக ஏறியிருக்கும். 15க்குக் கீழ் என்றால் இருப்பு காலி. முடி உதிர்பவர்களுக்கு 30க்குக் கீழ் இருந்தாலே பெரும்பாலும் சிகிச்சை தருவோம். பயோட்டின் வேண்டாம் என்றதற்குக் காரணம், உங்களுக்கு அதில் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு என்பது மட்டுமல்ல. அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையே குழப்பி, இல்லாத தைராய்டு நோயைக் காட்டும். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுங்கள்.

ஃபெரிட்டின் குறைவு என்று உறுதியானால் மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதுவார். அதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் நன்றாகவே உறிஞ்சப்படும், வயிற்றுத் தொல்லையும் குறையும். இதை அவரிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். பால், கால்சியம் மாத்திரை, காபியோடு கூடாது. மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம். அசிடிட்டி மாத்திரை தினமும் போடுகிறவரானால் சொல்லிவிடுங்கள், அது இரும்பைத் தடுக்கும். சோர்வு சில வாரங்களில் விலகும். முடி உதிர்வு நிற்க மூன்று மாதமாவது ஆகும். முளைக்கும் முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நடுவில் நிறுத்திவிடாதீர்கள், இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் தொடர வேண்டியிருக்கும்.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, எவ்வளவு சுண்டல் சாப்பிட்டாலும் ஈடுகொடுக்காது. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போவது, வட்டமாகச் சொட்டை விழுவது, உச்சந்தலையில் எரிச்சல் இவை இருந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.