பந்து எப்போதும் லெக் சைடிலேயே போகிறது, ஸ்விங்கும் இல்லை. பௌலிங்கை எப்படிச் சரிசெய்வது?

வலக்கை மித வேகம் போடுகிறேன், வலக்கை பேட்ஸ்மேனுக்கு லைன் (பந்து போகும் நேர்கோடு) நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கையைத் திருத்தப் போகாதீர்கள். லைன் பெரும்பாலும் காலில்தான் கெடுகிறது.

ஷூவின் அடியில் சுண்ணாம்புப் பொடி தடவிக்கொள்ளுங்கள். உங்கள் பின்னங்கால் இறங்கும் இடத்திலிருந்து எதிர்முனை நடு ஸ்டம்பை நோக்கி ஒரு கோடு போட்டு, ஆறு பந்து வீசிவிட்டுத் தடத்தைப் பாருங்கள். முன்னங்கால் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் கோளாறு அங்கேதான். கால் குறுக்கே விழுந்ததும் இடுப்பு திரும்ப இடமில்லாமல் பூட்டிக்கொள்ளும். உடம்பு இடப்பக்கம் சாயும், தலையும் கூடவே போகும், கை தலைக்கு மேலே குறுக்காகச் சுற்றி வரும். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகாமல் என்ன செய்யும்?

ரன்-அப்பை மறந்துவிட்டு, இரண்டு காலும் கோட்டின் மேல் இருக்க, நின்ற இடத்திலிருந்தே 12 பந்து போடுங்கள். பிறகு மூன்றடி நடந்து வந்து 12. அது சரியாக வந்தபின்தான் பாதி ரன்-அப். இடக்கையை உயர்த்தி இலக்கை நோக்கி நீட்டி, முழங்கை விலாவை ஒட்டி இறங்கும்படி இழுங்கள். அது சீக்கிரமே பக்கவாட்டில் சரிந்தால் தலையையும் இழுத்துக்கொண்டு போகும். முன் முழங்கால் மடங்கினால் உயரமும் வேகமும் சேர்ந்தே போய்விடும்.

ரன்-அப்பை அளக்க, பாப்பிங் கிரீஸிலிருந்து (ஸ்டம்புக்கு முன்னால் முன்னங்கால் தாண்டக்கூடாத கோடு) எதிர்த்திசையில் இயல்பாக ஓடிப் பந்து போடுங்கள். முன்னங்கால் விழுந்த இடத்தை நண்பர் குறிக்கட்டும். ஐந்தாறு முறை ஓடினால் தடங்கள் ஓரிடத்தில் கூடும். அதை டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். நோ-பால் தொல்லையும் இதிலேயே பாதி தீரும்.

அடுத்து ஸ்விங், அதாவது பந்து காற்றிலேயே வளைவது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சீமின் (பந்தின் நடுவே ஓடும் தையல்) இருபுறமும், கட்டைவிரலின் பக்கவாட்டு கீழே சீமின் மேல். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்துப்போகும். பேட்ஸ்மேனைவிட்டு விலகி வளையும் அவுட்ஸ்விங்குக்குச் சீம் முதல் ஸ்லிப்பை (விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் ஆஃப் சைடில் நிற்பவர்) பார்க்கட்டும், பளபளப்பான பக்கம் லெக் சைடில் இருக்கட்டும். மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால் நிற்க, இரண்டு விரலும் ஒரே நேரத்தில் விட்டால் பந்து பின்னோக்கிச் சுழன்று சீம் நிமிர்ந்தே போகும். சீம் தள்ளாடினால் ஒரு விரல் முந்திக்கொள்கிறது என்று அர்த்தம். பழைய பந்தில் சீமின் மேல் வண்ண டேப் ஒட்டி, ஐந்து மீட்டர் தூரத்தில் நிற்பவருக்கு மணிக்கட்டை மட்டும் அசைத்துப் போட்டுப் பாருங்கள். தள்ளாட்டம் பளிச்சென்று தெரியும். லெங்த்தைக் குறைத்து, அதாவது பேட்ஸ்மேனுக்கு வெகு முன்னாலேயே குத்தும்படி போட்டால் பந்து வளைவதற்குள் தரையைத் தொட்டுவிடும். ஸ்டம்புக்கு முன்னால் சுமார் ஆறு மீட்டரில் ஒரு துணியை விரித்து அதைக் குறிவையுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். பின்னங்கால் கிரீஸுக்கு இணையாக இறங்கினால் இடுப்பும் தோளும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பேட்ஸ்மேனை நோக்கி இறங்கினால் இரண்டும் அவரை நோக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் திரும்பும் கலப்பு ஆக்‌ஷன் கீழ்முதுகை முறுக்கி, எலும்பில் விரிசல் விடும் அளவுக்குக் கொண்டுபோகும். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973-இல் முதுகெலும்பு முறிவால் ஆட்டத்தைவிட்டு விலகி, ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்தவர். ஆக்‌ஷனை மாற்றும் நாட்களில் ஒரு நாளைக்கு நான்கைந்து ஓவர் போதும். கீழ்முதுகில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால், அதுவும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கமாக இருந்தால், அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.