டெக் அகற்றும் செலவில் இருமடங்கு வேறுபாடு ஏன்?

உங்கள் வீட்டுச் சுவரையொட்டிய டெக்கை (தூண்கள்மேல் நிற்கும் திறந்தவெளி மரத்தளம்) அகற்ற இரு ஒப்பந்ததாரர்கள் சொன்ன தொகைகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்கு இருப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். குறைந்த தொகை கேட்டவர், தூண்களுக்கு அடியிலுள்ள கான்கிரீட்டை மண்ணிலேயே விட்டுச்செல்லும் கணக்கில் சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம். கான்கிரீட்டைத் தோண்டியெடுப்பது, வீட்டுச் சுவரோடு போல்ட்டால் பிணைத்த பலகையைக் கழற்றி அந்த இடத்தை மழைநீர் புகாமல் மூடுவது, மரத்தை அப்புறப்படுத்துவது ஆகியவை தொகையில் அடங்குமா என்று இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு முன், சுவரையொட்டிய பலகையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். எளிதில் உள்ளே இறங்கினால், பின்னாலுள்ள சுவரும் உளுத்திருக்கலாம். அந்தச் செலவு தனி.

உங்கள் டெக் 1998இல் கட்டியது என்பதுதான் எனக்குக் கவலை. அமெரிக்காவில் 2003 இறுதிவரை வீடுகளுக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தது. தயவுசெய்து ஒரு துண்டைக்கூட எரிக்க விடாதீர்கள். சாம்பலும் புகையும் நஞ்சு. தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற அமெரிக்கத் தொலைபேசி எண்ணை அழைத்து, நிலத்தடிக் குழாய்களைக் குறித்துவிடச் சொல்லுங்கள்.