ரிசைன் லெட்டர் குடுக்கச் சொல்றாங்க, குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, பினாங்குல ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்ல 11 வருஷமா இருக்கேன், கேஷியரா சேந்து இப்ப சூப்பர்வைசர், சம்பளம் 2,400 ரிங்கிட். புது ஏரியா மேனேஜர் வந்ததுலருந்து நிம்மதியே இல்ல, நாலு பேர் வேலைய ரெண்டு பேர் பாக்குறோம், டார்கெட் வரலன்னா ராத்திரில வாட்சாப் குரூப்ல எல்லார் முன்னாடியும் திட்டு. இப்ப ஆள் குறைக்கிறாங்க, எச்ஆர் கூப்பிட்டு நீங்களே ரிசைன் லெட்டர் குடுத்துட்டா ரெக்கார்டு க்ளீனா இருக்கும்ங்கிறாங்க. குடுக்கட்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: குடுக்காதீங்கம்மா. அந்த லெட்டர் வந்துட்டா உங்களுக்கு ஒரு காசு குடுக்க வேணாம், க்ளீன் ஆகுறது அவங்க கணக்குதான். கம்பெனியா ஆள் குறைச்சு நிறுத்தினா வேலை நீக்க இழப்பீடு பத்தின 1980 ரெகுலேஷன்படி, 4,000 ரிங்கிட் வரைக்கும் சம்பளம் வாங்குறவங்க 5 வருஷத்துக்கு மேல இருந்தா வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் குடுக்கணும், உங்களுக்கு 220 நாள், போட்டுப் பாத்தேன் 17,000 ரிங்கிட்டுக்கு மேல வருது, வேலை நின்ன 7 நாளுக்குள்ள கைக்கு வரணும். 8 வாரம் நோட்டீஸ் தனி. அப்புறம் மாசாமாசம் பெர்கேசோ இஐஎஸ்னு, அதாவது வேலை போனா உதவுற அரசாங்க இன்சூரன்ஸுக்கு, சம்பளத்துல பிடிக்கிறாங்கல்ல, அதுலருந்து முதல் மாசம் சம்பளத்துல 80 சதவீதம், பிறகு குறைஞ்சு குறைஞ்சு ஆறு மாசம் வரைக்கும் வரலாம், 60 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும், ஆனா தானா ரிசைன் பண்ணவங்களுக்குக் கிடையாது. இத எச்ஆர் சொன்னாங்களா?

நிஜமாவே ஆள் குறைக்கிறாங்கன்னா 30 நாளுக்கு முன்னாடியே லேபர் ஆபிஸுக்கு பிகே ஃபார்ம், அதாவது ஆள் குறைக்கிறத கம்பெனி தெரிவிக்கிற ஃபார்ம், போயிருக்கணும், போயிருச்சான்னு கேளுங்க. ஒரே மாதிரி வேலைல வெளிநாட்டு ஆளுங்க இருந்தா அவங்களத்தான் முதல்ல நிறுத்தணும், அப்புறம் கடைசியா சேந்தவங்கள, 11 வருஷ ஆள எடுத்தவுடனே கை வைக்கிறாங்கன்னா காரணம் சொல்லியாகணும்.

அந்த வாட்சாப் திட்டெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, வீட்டுல ஒரு காப்பி இருக்கட்டும். மேல உள்ளவங்க தப்பா பிளான் போட்டு நஷ்டமாகும், பழி மட்டும் கவுண்டர்ல நிக்கிற பொம்பளைங்க தலைல, எனக்கு இதக் கேட்டாலே எரிச்சலா வருது. ஆனா கோவத்துல நீங்க வேலைய விட்றாதீங்க, மிரட்டி கையெழுத்து வாங்கினா அன்னைக்கே ஈமெயில்ல இஷ்டமில்லாம போட்டேன்னு எழுதி அனுப்பிடுங்க.

கேள்வி: கேஎல்ல நான் அசிஸ்டென்ட் மேனேஜர், 5,200 சம்பளம், போன மாசம் ஆள் குறைப்புன்னு நிறுத்திட்டாங்க. எனக்கும் அந்த 20 நாள் கணக்கு உண்டா?
– வாசகர், செந்தூல்

பதில்: சட்டப்படி இல்ல தம்பி, 4,000 தாண்டிட்டீங்க. உங்க ஆஃபர் லெட்டர்லயும் ஸ்டாஃப் ஹேண்ட்புக்லயும் ஏதாவது எழுதியிருக்கான்னு பாருங்க. இஐஎஸ் உங்களுக்கும் உண்டு, விடாதீங்க. நிறுத்தினதே நியாயமில்லன்னு தோணினா தொழில் உறவு இலாகால, தொழில் உறவுச் சட்டம் செக்‌ஷன் 20 கீழ புகார் குடுக்கலாம், அதுக்கு சம்பள வரம்பு கிடையாது, லாயரும் வேணாம். ஆனா வேலை போன தேதிலருந்து 60 நாள்தான், எச்ஆர் பேசிட்டு சொல்றோம்னு இழுத்தாலும் அந்த நாள் நிக்காது, போன மாசம்னா இந்த வாரமே போயிருங்கலா.