வாசகர் கேள்வி–பதில்: வரப்பும் தாங்குகட்டையும்

கேள்வி: இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து என் வலக்கால் சூம்பிவிட்டது. ஓராண்டாக என் காலைப் பற்றி எழுதிவருகிறேன். படித்துப் பார்த்த உறவினர்கள், "முடிவில் நம்பிக்கை தரும்படி ஏதாவது எழுது, இல்லாவிட்டால் படிப்பவர்கள் பாவம் என்பார்கள்" என்கிறார்கள். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் தாங்குகட்டை வரப்பில் புதைந்துபோவதைப் பற்றிய பகுதியை அடித்துவிடவும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், ஐயா?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அந்தப் பகுதியை அடிக்காதீர்கள், அம்மா. நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். கட்டையின் ரப்பர் முனை களிமண்ணில் சிக்கிக் கழன்றுவிட, ஒரு கையால் பூவரச மரத்தைப் பற்றிக்கொண்டு, மறுகையால் அதைத் தோண்டியெடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து மாட்டுகிறீர்கள். வரப்பிலேயே வளர்ந்த எனக்கும் தெரியாத வரப்பு அது.

உறவினர்கள் கேட்கும் முடிவு நம் இலக்கியத்தில் மிகப் பழையது. திருவாரூர்க் குளத்தைத் தோண்டிய தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். குளத்துக்குள் ஒரு தறியும் (கம்பும்) கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே சென்று மண்ணைக் கல்லியெடுத்து வந்து கொட்டினார் என்று, பார்வையற்ற ஒருவர் தம் வேலைக்குத் தாமே வகுத்துக்கொண்ட வழியைப் பெரியபுராணம் நுணுக்கமாகச் சொல்கிறது. முடிவிலோ பார்வை அவருக்குப் பரிசாகவும், குருடு அவர் குளம் தோண்டுவதை எதிர்த்தவர்களுக்குத் தண்டனையாகவும் வருகின்றன. பக்தி நூலுக்கு அது பொருந்தலாம். கண்ணற்றிருப்பதே தண்டனை என்னும் எண்ணத்தை உங்கள் கட்டுரை சுமக்க வேண்டியதில்லை. தறியும் கயிறும் வரும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறுந்தொகையில் பரணர் காட்டும் முடவன், மலைத்தேனைக் கீழிருந்து சுட்டிச் சுட்டி வெறுங்கையை நக்குகிறான். தலைவியின் ஏக்கத்துக்கு உவமையாவதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது. சுந்தரர் தம் உடலைத் தாமே பேசினார். இரு கண்ணும் இழந்து, காஞ்சியில் ஒரு கண் பெற்று, திருவாரூருக்கு வந்து, "குற்றம் ஒன்றும் செய்ததில்லை" என்று இறைவனிடம் வழக்காடினார். அடியார்கள் கண் காணாமல் "குன்றில் முட்டிக் குழியில் விழுந்தால் வாழ்ந்து போதீரே", அதாவது நீராவது நன்றாயிரும் என்று சினந்தார். குழியில் விழுவதைச் சொல்ல அவர் கூசவில்லை. அதைப் படிக்கும்போது எனக்குப் பாவம் என்று தோன்றியதில்லை. அவர் பக்கம் நின்று கேட்கவே தோன்றியிருக்கிறது.

கேள்வி: 'ஊனம்' என்று எழுதலாமா, 'மாற்றுத்திறனாளி' என்றுதான் எழுத வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பிறரைக் குறிக்கும்போது, 2010-இல் தமிழக அரசு ஏற்ற 'மாற்றுத்திறனாளி' என்பதையே எழுதுங்கள். தன்னைப் பற்றி எழுதுபவர் தமக்கு இசைந்த சொல்லை எடுத்துக்கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அத்தனைக்கும் பொதுவான ஒரு சொல், ஒருவருடைய முழங்கால் வலியைச் சொல்லிவிடாது. பள்ளியில் 'நொண்டி' என்று கூப்பிட்டிருந்தால், உரையாடலில் அச்சொல் அப்படியே இருக்கட்டும். மாற்றினால் கூப்பிட்டவர் தப்பித்துக்கொள்வார்.