காவலுக்கு அம்மா, அப்பாவா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். வயது 41. மனைவியும் நானும் ஐ.டி. துறையில் இருக்கிறோம், இரண்டு குழந்தைகள். குளிர் இல்லாத ஃபுளோரிடாவில், வளர்ந்துவரும், விலை குறைந்த ஊர் ஒன்றில் முதலீடாக வீடு வாங்க நினைக்கிறோம். லேக்லேண்ட், ஒக்காலா, பாம் பே, போர்ட் செயின்ட் லூசி, கேப் கோரல், லீஹை ஏக்கர்ஸ் ஆகியவை பட்டியலில் உள்ளன. ஒரு புதுக் குடியிருப்பில் இந்த மாத இறுதிக்குள் கையெழுத்துப் போட்டால் வட்டியில் சலுகை தருகிறார்களாம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வரும்போது, இங்கே குளிர் ஒத்துக்கொள்ளாததால், ஆறு மாதமும் அங்கேயே தங்கி வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள். மீதி மாதங்களில் வாடகைக்கு விடலாம். அப்பாவுக்கு 71 வயது. இந்த நாட்டில் கார் ஓட்டுவதில்லை. எந்த ஊர் நல்லது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ஊர்களுக்குப் பிறகு வருகிறேன். ‘ஆறு மாதமும் அங்கேயே தங்கி வீட்டையும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை அவர்களிடம் கேட்டீர்களா? வட்டிச் சலுகை வரை விவரமாக எழுதியவர், பெற்றோரிடம் பேசியதாக ஒரு சொல் எழுதவில்லை. கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அவர்கள் கடல் கடந்து வருவது பேரப்பிள்ளைகளோடு இருக்க. அந்தக் குழந்தைகளிடமிருந்து ஆயிரம் மைல் தள்ளி ஒரு காலி வீட்டில் அவர்களைக் குடிவைக்கிறீர்கள். விலை குறைந்த புதுக் குடியிருப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாசலைத் தாண்டினால் பெருஞ்சாலை. பால் வாங்கவும் கார் வேண்டும். பஸ்ஸை நம்ப முடியாது. கார் ஓட்டாத 71 வயதுக்காரர் அங்கே என்ன செய்வார்? நீங்கள் இணையத்தில் வாங்கி அனுப்பும் மளிகைக்காகக் காத்திருப்பார். இரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் வரும். மருத்துவமனையில் அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் வருகையாளர்களுக்குக் கிடையாது. அவர்களுக்காக விற்கப்படும் காப்பீடுகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முழுமையாகக் கைகொடுப்பதில்லை.

குளிர்காலத்தில்தானே இருப்பார்கள், அப்போது புயல் ஏது என்று நினைத்திருப்பீர்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2022 நவம்பர் 10 அன்று நிக்கோல் புயல் வீரோ பீச் அருகே கரையேறியது. உங்கள் பட்டியலில் உள்ள பாம் பே அதற்கு வடக்கே, போர்ட் செயின்ட் லூசி தெற்கே. 2024 அக்டோபரில் மில்டன் புயல் மேற்குக் கரையைத் தொடும் முன்பே, கிழக்கே செயின்ட் லூசி கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) டொர்னாடோ சுழற்காற்று முதியவர்கள் வாழும் குடியிருப்பு ஒன்றைத் தாக்கி ஆறு பேரைக் கொன்றது. 2022 செப்டம்பர் 28 அன்று கேப் கோரல் பகுதியைச் சிதைத்த இயன் புயலில் இறந்தவர்களிலும் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஊரைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பு வரும் நாளில், நியூ ஜெர்சியிலிருந்து நீங்கள் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேருவீர்கள்?

கணக்காகப் பார்த்தாலும் உங்கள் திட்டம் நிற்காது. வடக்கிலிருந்து குளிருக்குப் பயந்து வருகிறவர்கள் நல்ல வாடகை கொடுப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் உங்கள் பெற்றோர் உள்ளே இருப்பார்கள். உங்களுக்கு மிஞ்சுவது வெயில் கொளுத்தும் கோடை. அதில் ஆறு மாதம் அல்லது அதற்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் மாநிலம் 6 சதவீத விற்பனை வரி கேட்கும். பல கவுண்டிகளில் சுற்றுலா வரியும் சேரும். குறுகிய கால வாடகைக்கே தடை போட்டிருக்கும் குடியிருப்போர் சங்கங்களும் உண்டு. ஆண்டு முழுவதும் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு விடலாமென்றால் பெற்றோருக்கு இடமில்லை. இன்னொன்று: அவர்கள் வருவது வருகையாளர் விசாவில், அது வேலை செய்வதற்கான அனுமதி அல்ல. வாடகை வீட்டு மேலாளரின் வேலையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள்.

இனி ஊர்கள். பாம் பே, போர்ட் செயின்ட் லூசி, கேப் கோரல், லீஹை ஏக்கர்ஸ் நான்கும் ஒரே விதமாகப் பிறந்தவை. 1950களிலிருந்து நிறுவனங்கள் பெரும் நிலத்தைச் சிறு மனைகளாகக் கோடு போட்டு, வடக்கே குளிரில் இருந்தவர்களுக்குத் தவணையில் விற்றன. பாம் பேயையும் போர்ட் செயின்ட் லூசியையும் அப்படி உருவாக்கிய ஜெனரல் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் 1990இல் திவாலானது. சாலை முதலில் வந்தது. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பிறகு, பல தெருக்களுக்கு இன்னும் வரவேயில்லை. அங்கே மனை மலிவாக இருக்க அதுவும் ஒரு காரணம். கேப் கோரலில் குழாய் தெருவுக்கு வந்ததும் வீட்டுக்காரர்கள் பல்லாயிரம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. 2008இல் வீட்டுச் சந்தை சரிந்தபோது, கடன் கட்ட முடியாமல் வீடுகள் பறிபோனதில் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றது லீஹை ஏக்கர்ஸும் கேப் கோரலும் உள்ள லீ கவுண்டி. வீடு கட்டுவதையும் விற்பதையும் பெரும் பிழைப்பாகக் கொண்ட ஊரில், அந்தத் தொழில் படுத்தால் வாடகை கொடுக்கிறவனும் வேலை இழக்கிறான். வளரும் ஊர் என்று யாராவது சொன்னால், அங்கே சம்பளம் கொடுப்பது யார் என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பது லேக்லேண்ட். டாம்பாவுக்கும் ஆர்லாண்டோவுக்கும் நடுவே, ஐ-4 நெடுஞ்சாலையில், கடலலை எட்டாத உள்நாட்டில் இருக்கிறது. பப்ளிக்ஸ் மளிகை நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். ஒக்காலாவிலும் கிடங்கு வேலைகள் பெருகியிருக்கின்றன. இரண்டு ஊர்களிலும் அடியில் சுண்ணாம்புக்கல். நிலம் உள்வாங்கும் ஆபத்து உண்டு. ஃபுளோரிடாவில் சாதாரண வீட்டுக் காப்பீடு, நிலம் திடீரென்று இடிந்து வீடு குடியிருக்க முடியாமல் போவதற்குத்தான் பொறுப்பேற்கும். மற்ற பாதிப்புகளுக்குத் தனியாக எடுக்க வேண்டும். வெள்ளக் காப்பீடும் தனி. அரசுத் திட்டத்தில் எடுத்தால் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். வழக்கமாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும்.

பழைய வீடு பார்த்தால், விற்பவர் காட்டும் சொத்துவரி ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்தக் குடியிருப்பாக வைத்திருப்பவருக்கு வரி மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நீங்கள் வாங்கியதும் அது சந்தை மதிப்புக்குத் தாவிவிடும், சொந்தக் குடியிருப்புச் சலுகையும் உங்களுக்குக் கிடைக்காது. புதுக் குடியிருப்பு என்றால் சாலைக்கும் குழாய்க்கும் வாங்கிய கடனை கம்யூனிட்டி டெவலப்மென்ட் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக சி.டி.டி., என்ற பெயரில் வரி ரசீதிலேயே வருடக்கணக்காக வசூலிப்பார்கள். சங்கச் சந்தா அதற்கு மேல். பில்டர் காட்டும் மாதத் தவணையில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலீடுதான் வேண்டுமென்றால் லேக்லேண்டில், வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் விடக்கூடிய வீடாகப் பாருங்கள். பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். அந்தச் சம்பளத்தைக் கழித்தால் லாபம் நிற்கவில்லையா? அப்படியானால் அதில் லாபமே இல்லை. பெற்றோரின் உழைப்பை இலவசமாகச் சேர்த்துக்கொண்டதால் இருப்பதுபோலத் தெரிந்தது.

பெற்றோரின் இடம் நீங்கள் இருக்கும் வீடு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கவலை உண்மையானால், மே மாதம் வரவழைத்து அக்டோபரில் அனுப்புங்கள். குளிர்காலத்தில்தான் வர முடியும் என்றால், கீழ்த்தளத்தில் வெந்நீர் வரும் குளியலறையோடு சேர்ந்த அறையை அவர்களுக்குக் கொடுங்கள். அது குழந்தைகளின் விளையாட்டு அறையாக இருந்தாலும் காலி செய்யுங்கள். ஃபுளோரிடா வீட்டுக்குக் கட்டவிருந்த முன்பணத்தில் ஒரு சிறு துண்டு போதும் இதற்கு.

இந்த மாத இறுதியில் கையெழுத்துப் போடாதீர்கள். சலுகை போனால் போகட்டும். இந்த வாரம் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. ‘உன் இஷ்டம்ப்பா’ என்று சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், மறுபடியும் கேளுங்கள்.