டைப் இறுக்கமானால் பிழை வராதா?

கேள்வி: சுன்னாகத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறோம். எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட். டைப்ஸ்கிரிப்டுக்கு மாறினால் பிழையே வராது என்று கூட வேலை செய்யும் அண்ணா அடித்துச் சொல்கிறார். நம்பலாமா சேர்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: மாறுங்கோ தங்கச்சி. ஆனால் "பிழையே வராது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். டைப் என்பது ஒரு தரவு எண்ணா, எழுத்தா என்று சொல்லும் வகை. ஜாவாஸ்கிரிப்டோடு அந்த வகையையும் எழுத விடுவதுதான் டைப்ஸ்கிரிப்ட்.

திரையில் 250 என்று தட்டினால் ஜாவாஸ்கிரிப்டுக்கு அது எழுத்தாகத்தான் வந்து சேரும். அதோடு ஏற்றுகூலி 50 ஐக் கூட்டினால் 300 வராது, 25050 வரும். கழித்தாலோ ஒழுங்காக 200 தரும். கழிவு போடும் பகுதியை மட்டும் சோதித்தவருக்கு இது பிடிபடவே மாட்டாது. டைப்ஸ்கிரிப்டில் மொத்தத்தை எண் என்று அறிவித்திருந்தால் கம்பைலர், அதாவது ஓடுவதற்கு முன் நிரலைச் சரிபார்த்து மாற்றித் தரும் கருவி, அந்த வரியிலேயே மறித்துவிடும்.

2017 இல் ஓர் ஆய்வு வந்தது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திருத்தப்பட்ட 400 ஜாவாஸ்கிரிப்ட் பிழைகளை எடுத்து, டைப் எழுதியிருந்தால் எத்தனை பிடிபட்டிருக்கும் என்று பார்த்தார்கள். ஏறத்தாழ 15 சதவீதம். என்னைக் கேட்டால் இது பெரிய லாபம். அவை சோதனைகளையெல்லாம் தாண்டி வெளியே போய்விட்ட பிழைகள்.

மற்றவை எப்படிப்பட்டவை? உங்கள் கடையையே பாருங்கள். வெங்காயத்தின் விலை கிலோவுக்கு, தராசு அனுப்புவது கிராமில் என்று வைப்போம். இரண்டும் எண்தான், கம்பைலர் வாயே திறக்காது. 1999 இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் தொலைந்ததும் இப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் கொடுத்த கணக்கை மற்றது நியூட்டன் அலகென்று எடுத்துக்கொண்டது. கிலோவுக்கும் கிராமுக்கும் தனித்தனி டைப் வையுங்கள். எண்ணுக்கு வேறு பெயர் சூட்டினால் மட்டும் போதாது, டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளக் குறியும் சேர்க்க வேண்டும். அதேபோல வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தை எண்ணாக வைக்காதீர்கள். நமது 021 இன் முன் பூச்சியம் போய்விடும்.

இன்னொன்று, நிரல் ஓடும் நேரத்தில் டைப் எதுவும் மிஞ்சாது. எல்லாம் அழிந்து வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் ஓடுகிறது. தராசிலிருந்து வருவதை, வரும் வாசலிலேயே நீங்கள் சோதிக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்டை இறுக்கமாகச் சோதிக்க வைக்கும் ஸ்ட்ரிக்ட் அமைப்பைப் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு 'எனி' (எந்த டைப்பும் ஆகலாம்) என்று எழுதித் தப்பிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், அந்த இடத்தில் கம்பைலர் பார்ப்பதை நிறுத்திவிடும்.

கேள்வி: பைதன் டைப் இல்லாத மொழிதானே?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: இல்லைத் தம்பி. எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் பைதன் மறுத்துவிடும். அந்த விதத்தில் ஜாவாஸ்கிரிப்டை விட இறுக்கம். ஆனால் அந்த வரி ஓடும்போதுதான் மறுக்கும். ஓடுவதற்கு முன்பே தெரிய வேண்டுமென்றால் 2015 இல் வந்த 3.5 பதிப்பிலிருந்து டைப் குறிப்பு எழுதலாம். எழுதினால் மட்டும் போதாது, பைதன் அதைச் சரிபார்ப்பதில்லை. மைபை போன்ற ஒரு கருவியைத் தனியே ஓட்டிப் பாருங்கள்.